கேஸ் அடிக்கும் முன்: கார் ஏசியின் வேக்கம் லைனை அறிகுறி பார்த்துச் சோதிப்பது

"ஏசி சரியில்ல அண்ணாச்சி, கேஸ் கொஞ்சம் அடிச்சு விடுங்க" என்று வண்டியைக் கொண்டு நிறுத்துகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். குளிர் வரலையா, இல்ல வர வேண்டிய இடத்துல வரலையா? முக்கால்வாசிப் பேர் இதற்கு முழிப்பார்கள். ஏறி உட்கார்ந்து ஃபேனைப் போட்டுப் பார்த்தால், நெஞ்சுக்கு நேராக வர வேண்டிய காற்று முன் கண்ணாடியின் அடியில் சில்லென்று வீணாகப் போய்க்கொண்டிருக்கும். அந்த வண்டிக்குக் கேஸ் அடிப்பது, ஓட்டை வாளியோடு கிணற்றைக் குறை சொல்கிற கதை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஏசி மெக்கானிக்குகள் "வேக்கம் போடணும்" என்று சொல்வது கேஸ் நிரப்பும் முன் பைப்புகளில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பதை. நான் இங்கே சொல்லும் வேக்கம் அது இல்லை. எஞ்சின் மூச்சு இழுக்கும்போது கிடைக்கும் இழுவையை ஒரு மெல்லிய குழாயில் எடுத்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கதவுகளை, அதாவது ஃபிளாப்புகளைத் திறக்கவும் மூடவும் பயன்படுத்தும் ஏற்பாடு இது.

வேலை செய்யும் விதம் எளிது. எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் மூடியிருக்கும்போது, பெட்ரோல் எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டில், அதாவது காற்று உள்ளே போகும் குழாயில், காற்றழுத்தம் குறைகிறது. அங்கிருந்து குழாய் கிளம்பி, ஒரு பக்கம் மட்டும் காற்றை விடும் செக் வால்வு, ஒரு சேமிப்பு டப்பா வழியாக உள்ளே வந்து, நீங்கள் அமுக்கும் பொத்தானுக்கோ, மின்சாரத்தில் திறந்து மூடும் சொலினாய்டு வால்வுக்கோ போகிறது. அங்கிருந்து ஒவ்வொரு ஃபிளாப்புக்கும் தனித்தனிக் குழாய். குழாயின் முடிவில் சாஸர் அகலத்தில் ஒரு வட்ட டப்பா. அதற்குள் டயாஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வும் ஒரு ஸ்பிரிங்கும். இழுவை வந்தால் டயாஃப்ரம் கம்பியை இழுக்கும், ஃபிளாப் திரும்பும். இழுவை போனால் ஸ்பிரிங் பழைய இடத்துக்கே தள்ளிவிடும். அந்தப் "பழைய இடம்" பெரும்பாலான வண்டிகளில் முன் கண்ணாடிப் பக்கம்தான். தெரிந்தே அப்படி வைத்திருக்கிறார்கள். குழாய் அறுந்து போனாலும் கண்ணாடியில் பனி மூடி ஓட்டுகிறவருக்குப் பாதை மறையக் கூடாது.

உங்கள் வண்டியில் இது இருக்கிறதா என்று பார்க்கக் குளோவ் பாக்ஸைக் கழற்றி டார்ச் அடித்தால் போதும். பென்சிலை விட ஒல்லியான பிளாஸ்டிக் குழாய்கள் வட்ட டப்பாக்களுக்குப் போனால் வேக்கம். முறுக்குக் கம்பி போனால் கேபிள். வெறும் வயர் மட்டும் செருகிய சின்னச் சதுரப் பெட்டி என்றால் மின் மோட்டார். மோட்டார் வண்டியில் டேஷ்போர்டுக்குள் "டக் டக் டக்" என்று சத்தம் வந்தால் உள்ளே பல்சக்கரம் தேய்ந்தோ உடைந்தோ இருக்கும், அதற்கு இந்தக் கட்டுரை உதவாது. முழுக்க வேக்கத்திலேயே ஓடும் ஃபிளாப்புகளுக்கு நல்ல உதாரணம் மெர்சிடிஸ் டபிள்யூ124. 1995-ல் புனேயில் கோர்க்கத் தொடங்கிய அந்த மாடல் இன்னும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒன்றிரண்டு வீட்டுப் போர்ட்டிகோவில் துணி போர்த்தி நிற்கிறது. கார்புரேட்டர் வைத்த மாருதி 800-இல் ஃபிளாப் எல்லாம் கேபிள்தான், ஆனால் ஏசி போடும்போது ஐடிலை, அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை, உயர்த்த ஒரு வேக்கம் டப்பா உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கையில் என்ன வேண்டும்

கேஜ் வைத்த கை வேக்கம் பம்ப் ஒன்று, மூன்று வாயுள்ள "டீ" இணைப்பு ஒன்று, ஒரு மீட்டர் ரப்பர் டியூப், டார்ச். பம்ப் இல்லாதவர்கள் மெடிக்கல் கடையில் 50 மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளலாம். சிரிஞ்சை டயாஃப்ரம் டப்பாவின் மூக்கில் டியூப் வைத்துச் செருகி, பிஸ்டனை இழுத்து ஒரு நிமிஷம் பிடித்திருந்து கையை விடுங்கள். டப்பா நல்லது என்றால் பிஸ்டன் தானாகவே உள்ளே ஓடும். ஓட்டை என்றால் விட்ட இடத்திலேயே சோம்பேறியாக நிற்கும். இருநூறு ரூபாய்கூட ஆகாத சோதனை.

பழைய ஆட்கள் வாயால் உறிஞ்சிப் பார்ப்பார்கள். குழாய் நுனியில் நாக்கு ஒட்டினால் லைன் நல்லது என்று கணக்கு. நானும் செய்திருக்கிறேன். டீசல் வண்டியின் வேக்கம் பம்ப் லைனில் எஞ்சின் ஆயில் ஏறியிருந்த ஒரு நாளோடு விட்டுவிட்டேன். இரவுச் சாப்பாடு வரைக்கும் அந்த ருசி போகவில்லை.

சோப்புத் தண்ணீர் வேண்டாம். அது டயர் பஞ்சருக்கு, காற்று வெளியே தள்ளும் இடத்துக்கு. இங்கே காற்று உள்ளே இழுபடுவதால் குமிழி வராது. கூடவே தண்ணீரும் உள்ளே போகும். ஊதுபத்தி வைத்துப் புகை இழுபடுகிறதா என்று பார்ப்பது டேஷ்போர்டுக்குள் நல்ல வழி. எஞ்சின் பக்கம் நெருப்பே கொண்டு போகக் கூடாது, பெட்ரோல் லைன் இருக்கிறது. அங்கே ஒரு மீட்டர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மூட்டு மூட்டாக நகர்த்துங்கள். ஓட்டை வந்ததும் "உஸ்" சத்தம் காதுக்குள்ளேயே கேட்கும்.

முதல் அளவு

ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சின் சூடேறிய பிறகு ஐடிலில் விட்டு, மேனிஃபோல்டிலிருந்து லைன் கிளம்பும் இடத்திலேயே டீ போட்டுக் கேஜை வையுங்கள். பெட்ரோல் வண்டியில் 17 முதல் 22 அங்குலத்துக்குள் (பாதரச அளவில்) முள் அசையாமல் நிற்க வேண்டும். மில்லிமீட்டர் கேஜ் என்றால் ஏறக்குறைய 430 முதல் 560. 10-க்குக் கீழே காட்டினால், முள் ஆடினால், அது ஏசிக் கோளாறே இல்லை. வால்வு, டைமிங், மேனிஃபோல்டு கேஸ்கெட் என்று எஞ்சின் வேலை. டீசலில் த்ராட்டில் இழுவை கிடையாது, தனி வேக்கம் பம்ப் இருக்கும். நல்ல பம்ப் 20-க்கு மேல் காட்டும், ஆக்சிலேட்டரை மிதித்தாலும் விழாது.

நம் ஊர் ரோடுகளில் பெரும்பாலும் கடல் மட்டத்தை ஒட்டித்தான் ஓடுகிறோம் என்பதால் இந்த எண்களை அப்படியே நம்பலாம். ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். ஊட்டியில் நின்று கேஜ் வைத்துவிட்டு ஏழு அங்குலம் காணோம் என்று பதறாதீர்கள்.

இன்னொன்று. இதே இழுவையில்தான் பிரேக் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டரும் ஓடுகிறது. பிரேக் மிதி கல்லு மாதிரி இறுகியிருந்தால் ஏசியை மறந்துவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.

"எந்தப் பொத்தானை அமுக்குனாலும் காத்து கண்ணாடிக்கே போவுது"

எல்லா மோடும், அதாவது நெஞ்சு, கால் என்று காற்றைத் திருப்பும் எல்லாத் தேர்வும், செத்துவிட்டால் ஒவ்வொரு டப்பாவாகச் சோதிக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றுதான் போயிருக்கும். நேராக நடுவில் வெட்டிப் பார்ப்பது என் பழக்கம். எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகட்டைத் தாண்டி உள்ளே வரும் முதல் குழாயைக் கழற்றிக் கேஜை வைப்பேன். அங்கே முழு இழுவை இருந்தால் எஞ்சின் பக்கம் சுத்தம். ஸ்விட்ச், சொலினாய்டுக் கட்டை, அதற்கு வரும் ஃபியூஸ் என்று உள்ளே தேடலாம். பூஜ்யம் என்றால் வெளியே தேடு. மேனிஃபோல்டில் 18 இருந்து உள்ளே 12 மட்டும் காட்டினால் அறுபடவில்லை, எங்கோ கசிகிறது. அப்போது கிளைக் குழாய்களை ஒவ்வொன்றாக, துணி சுற்றிய பிளையரால் நசுக்கிப் பிடியுங்கள். எதை நசுக்கும்போது முள் சட்டென்று ஏறுகிறதோ அந்தக் கிளையில் ஓட்டை. பிளாஸ்டிக் குழாயை நசுக்காதீர்கள், உடையும். அதை மூட்டிலிருந்து கழற்றி, கட்டைவிரலால் அடைத்துப் பார்க்கலாம்.

வெளியே தேடும்போது நம் பக்கம் முதல் சந்தேகம் எலி. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் வீடு, வண்டிக்காரர் வளைகுடாவில், வண்டி பதினோரு மாதம் ஷெட்டில். அவர் விடுமுறைக்கு வந்து வண்டியை எடுத்தால் காற்று கண்ணாடிக்கு. பானட்டைத் திறந்தபோது பேட்டரி ஓரம் காய்ந்த ரப்பர் இலையும் பஞ்சும் குவித்து ஒரு கூடு. வேக்கம் குழாய் இரண்டு விரல் நீளத்துக்கு இல்லவே இல்லை. மிச்ச நுனியில் உளி வைத்துச் செதுக்கியது போல ஜோடி ஜோடியாகப் பல் தடம். குழாய் மாற்ற அரை மணி நேரம்தான். "நல்லவேளை, பெட்ரோல் ஓஸைக் கடிக்கல" என்றேன். "லே மக்கா, அதையும் பாத்துச் சொல்லு" என்று என் பையனைக் கீழே படுக்கச் சொல்லிவிட்டார் அவர். பார்த்ததில் அதிலும் ஓர் இடத்தில் பல் பட்டிருந்தது.

எலி இல்லை என்றால் மூட்டு. நீளக் குழாய் கெட்டி பிளாஸ்டிக், முனைகளில் மட்டும் சின்ன ரப்பர் கப்ளிங். எஞ்சின் சூட்டில் அந்த ரப்பர் பத்து வருஷத்தில் கருவாடு மாதிரி விறைத்துவிடும். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், லேசாக வளைத்தால் வாய் பிளக்கும். அவசரத்துக்குச் சைக்கிள் வால்வ் டியூப்பை வெட்டிப் போட்டுவிட்டு வீடு போய்ச் சேரலாம். அதையே நிரந்தரமாக்காதீர்கள். இயற்கை ரப்பருக்குச் சூடும் ஆயிலும் ஆகாது. ரப்பர் விளைகிற ஊர்க்காரனாக இருந்துகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கோளாறு மழைக்காலத்தில் ஒளிந்துகொள்ளும். நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கண்ணாடிக்குக் காற்று போவது அப்போது சௌகரியமாகவே இருக்கும், யாரும் குறை சொல்லி வர மாட்டார்கள். காட்டிக்கொடுப்பது வேறொன்று. மழையே இல்லாத புழுக்கமான விடியற்காலையில் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி படிந்து வைப்பர் போட வேண்டியிருந்தால், உள்ளே ஏசிக் காற்று கண்ணாடியைக் குளிர வைக்கிறது என்று அர்த்தம். நெஞ்சுக்கு வைத்திருந்தும் இது நடந்தால் ஃபிளாப் திரும்பவில்லை.

"ஏத்தத்துல மட்டும் காத்து மாறுது, சமதளம் வந்தா சரியாவுது"

இது எனக்குப் பிடித்த கோளாறு, ஏனென்றால் சொல்கிற விதத்திலேயே விடை இருக்கிறது. பேச்சிப்பாறை ஏற்றத்திலோ மார்த்தாண்டம் மேம்பாலத்தில் வேகம் பிடிக்கும்போதோ ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்கிறீர்கள். த்ராட்டில் திறந்ததும் மேனிஃபோல்டில் இழுவை விழுந்துவிடும். அந்த நேரத்துக்காகத்தான் சேமிப்பு டப்பாவும் செக் வால்வும் இருக்கின்றன. டப்பா இழுவையைச் சேர்த்து வைக்கும், செக் வால்வு அது திரும்ப எஞ்சினுக்கே ஓடாமல் தடுக்கும். இரண்டில் ஒன்று போனால் ஏற்றத்தில் காற்று நழுவிக் கண்ணாடிக்குப் போகும்.

சோதனை: செக் வால்வைத் தாண்டி, டப்பாப் பக்கம் கேஜ் வைத்து எஞ்சினை ஓட்டி, பிறகு அணையுங்கள். முள் அப்படியே நிற்க வேண்டும். மடமடவென்று விழுந்தால் செக் வால்வைக் கழற்றிக் கை பம்பால் இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் காற்று வர வேண்டும், மறுபக்கம் கேஜ் ஏறி நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் வந்தால் குப்பைக்கு. வால்வு நல்லது என்றால் டப்பாவைத் தனியே சோதியுங்கள். பந்து மாதிரியோ சின்ன டின் மாதிரியோ, பெரும்பாலும் ஃபெண்டருக்குள் ஒளிந்திருக்கும். பிளாஸ்டிக் டப்பாவின் ஒட்டு வரியில் தலைமுடி கனத்துக்கு வெடிப்பு விடுவது வழக்கம்.

புது வால்வு போடும்போது திசையைக் கவனியுங்கள். திருப்பிப் போட்டால் இழுவையே உள்ளே வராது, ஒரு கோளாறோடு வந்த வண்டி முழுக் கோளாறோடு திரும்பும். என் கடையிலேயே இது நடந்திருக்கிறது. பழையதைக் கழற்றும் முன் எஞ்சின் பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைப்பது அதற்குப் பிறகு வந்த பழக்கம்.

"மத்ததெல்லாம் சரி, நெஞ்சுக்கு நேரா மட்டும் வரல"

ஒரு மோடு மட்டும் இல்லையென்றால் அந்த ஃபிளாப்பின் டயாஃப்ரம், அல்லது அதற்கான சொலினாய்டு. சொலினாய்டுக் கட்டையில் அந்தக் குழாயையும் வேலை செய்யும் பக்கத்துக் குழாயையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். கோளாறு கூடவே இடம் மாறினால் சொலினாய்டு, மாறாமல் நின்றால் டயாஃப்ரம். உறுதி செய்ய டப்பாவுக்குப் பம்பால் 15 அங்குலம் கொடுத்து ஒரு நிமிஷம் காத்திருங்கள். முள் இறங்கக் கூடாது, கம்பி முழு நீளம் நகர வேண்டும். இரண்டு மூக்குள்ள டப்பா என்றால் இரண்டு கட்டமாக நகரும் வகை, இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள். அந்த மோடைப் போட்டதும் டேஷ்போர்டுக்குள் பாம்பு சீறுவது போலச் சத்தம் வந்தால் பம்ப்கூட வேண்டாம், டயாஃப்ரம் கிழிந்தது நிச்சயம்.

கொளச்சல், மணவாளக்குறிச்சி என்று கடலோரத்து வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது சொலினாய்டின் வயர் செருகி. உப்புக் காற்றில் பித்தளை முள் பச்சைக் களிம்பு பிடித்து நிற்கும். சுரண்டித் துடைத்துச் செருகினால் சில வண்டிகளில் அத்தோடு வேலை முடிந்தது.

டயாஃப்ரம்தான் போயிருக்கிறது என்றால் வண்டிக்காரரை உட்கார வைத்துப் பேச வேண்டும். சாமான் விலை பெரிதில்லை, அதை எட்டுவதுதான் பெரிது. சில ஜெர்மன் வண்டிகளில் முழு டேஷ்போர்டையும் இறக்க வேண்டும். அவ்வளவு தூரம் போனால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், எல்லா டப்பாவும் ஒரே வயசு. காசு இல்லையென்றால் கிழிந்த டப்பாவின் குழாயைக் கட்டையிலேயே அடைத்துவிடுங்கள். அந்த மோடு வராது, ஆனால் கசிவு நின்று மற்றவை ஒழுங்காக வேலை செய்யும். கையுறை ரப்பரை வெட்டி டயாஃப்ரம் செய்து தருகிறேன் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

"கேஸ் மூணு தடவை அடிச்சாச்சு, இன்னும் வெதுவெதுன்னுதான் வருது"

தக்கலையிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இப்படித்தான் வந்தார். வேறெங்கோ மூன்று முறை கேஸ், ஒரு முறை கண்டென்சர். பானட்டைத் திறந்து, தகட்டுக்குள் போகும் இரண்டு ஹீட்டர் ஓஸ்களையும் தொட்டேன். இரண்டும் கை வைக்க முடியாத சூடு. ஏசி முழுக் குளிரில் இருக்கும்போது ஹீட்டருக்குள் வெந்நீர் எதற்கு ஓடுகிறது?

பல வண்டிகளில் ஹீட்டர் வால்வை மூடுவது வேக்கம். இழுவை போனால் வால்வு திறந்துகொள்ளும். ஏசி ஒரு பக்கம் காற்றைக் குளிர்விக்க, அடுத்த நொடியே ஹீட்டர் அதைச் சுட வைக்கும். ஓஸ் மூடும் கிளாம்ப் ஒன்றை ஹீட்டருக்குப் போகும் ஓஸில் போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தோம். வென்டில் செருகிய தெர்மாமீட்டர் மளமளவென்று இறங்கியது. "அப்பம் கேஸ் அடிச்சதெல்லாம்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. வால்வுக்குப் போகும் குழாய் மூட்டிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. செருகினேன், அவ்வளவுதான்.

இரண்டு ஓஸும் ஆறியே இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது உள்காற்று ஃபிளாப். அதற்கும் வேக்கம் வேண்டும் என்ற வண்டியில், இழுவை இல்லையென்றால் ஏசி வெளிக்காற்றையே இழுக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த ஈரக் காற்றைக் குளிர வைத்து மாளாது. பொத்தானை அமுக்கும்போது ஃபேன் சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள். உள்காற்றுக்கு மாறினால் சத்தம் கூடும். மாறவே இல்லையென்றால் ஃபிளாப் நகரவில்லை. முன்னால் லாரி போனால் புகை வாடை வருகிறதா என்பதும் நல்ல சோதனைதான், காசும் கிடையாது.

"ஏசி போட்டா சிக்னல்ல வண்டி அணையுது"

கார்புரேட்டர் வண்டிகளில் ஏசி போட்டதும் ஒரு சொலினாய்டு திறந்து, கார்புரேட்டரிலுள்ள சின்ன வேக்கம் டப்பாவுக்கு இழுவை கொடுக்கும். அது த்ராட்டிலைக் கொஞ்சம் தூக்கி கம்ப்ரெசரின் பாரத்தைச் சமாளிக்கும். பழைய டீசல்கள் சிலவற்றில் டீசல் பம்பின் லீவரைத் தூக்க இதே ஏற்பாடு உண்டு. ஏசி போடும்போது அந்தக் கம்பி அசைகிறதா என்று ஒருவரை உள்ளே உட்கார வைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் டப்பாவுக்கு நேராகப் பம்ப் கொடுங்கள். அசைந்தால் சொலினாய்டு அல்லது வயர், அசையாவிட்டால் டப்பா. ஐடில் ஸ்க்ரூவைத் திருகி ஏற்றிவிடுவது தீர்வு இல்லை, ஏசி அணைத்ததும் வண்டி கத்தும்.

"சாவிய எடுத்தாலும் எஞ்சின் நிக்கல"

சில பழைய ஜெர்மன் டீசல்களில் எஞ்சினை நிறுத்துவதும் வேக்கம்தான். சாவியைத் திருப்பினால் டீசல் பம்புக்கு இழுவை கிடைத்து டீசலை அடைக்கும். ஏசி ஃபிளாப்பில் பெரிய கசிவு இருந்தால் அந்த இழுவை போதாமல் எஞ்சின் மெதுவாக, மனசில்லாமல் அணையும். அல்லது அணையவே அணையாது. ஏசிக்குப் போகும் கிளையை அடைத்துவிட்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். சட்டென்று நின்றால் குற்றவாளி டேஷ்போர்டுக்குள். நிற்கவில்லையென்றால் கதவுப் பூட்டுக் கிளையையும் அடைத்துப் பாருங்கள். மாடலைப் பொறுத்து அதுவும் இதே லைனில் இருக்கும்.

"போவுது, ஆனா திரும்பி வரமாட்டேங்குது"

அபூர்வம்தான், ஆனால் வந்தால் ஆளைச் சுற்ற வைக்கும். மோடு மாற்றினால் முதல் தடவை சரியாகப் போகும், பிறகு அங்கேயே நிற்கும். எஞ்சின் அணைத்து ராத்திரி விட்டால் காலையில் சரியாக இருக்கும். எல்லோரும் ஃபிளாப் இறுகிவிட்டது என்று கீல்களுக்கு ஆயில் விடுவார்கள். சொலினாய்டு அணையும்போது டயாஃப்ரமுக்குள் வெளிக்காற்று புக ஒரு சின்ன மூச்சுத் துளை உண்டு, அதை யாரும் பார்ப்பதில்லை. துளை அடைத்தால் இழுவை உள்ளேயே சிறைப்பட்டு, டயாஃப்ரம் இழுத்த இழுப்பில் நிற்கும். டப்பாவின் குழாயைக் கையால் கழற்றுங்கள். "புஸ்" என்று காற்று புகுந்து ஃபிளாப் உடனே திரும்பினால் கீலில் தப்பில்லை, துளையில்தான். கடைசியாக என்னிடம் வந்த வண்டியில் துளையின் வாயில் கடுகு அளவுக்கு மண் உருண்டை. குளவி வேலை. குண்டூசியால் குத்தி எடுத்தேன், உள்ளே ஒரு செத்த புழுவும் இருந்தது.